நெருப்புக் காட்டிய படிக்கட்டு

சித்தி நஞ்சம்மா படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது என் அம்மா சென்னம்மாளுக்கு முதலில் வந்தது பதற்றம். அடுத்து வந்தது பொறாமை. பதற்றம் ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. பொறாமை வீடு வரைக்கும் வந்து தங்கிவிட்டது.

விழுந்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று அம்மாவைத் தெரியாதவர்கள்தான் கேட்பார்கள்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உத்தனப்பள்ளியில் இருக்கிறது எங்கள் வீடு. அப்பா முனிவேலும் சித்தப்பா ராமப்பனும் உடன்பிறந்தவர்கள். கம்பெனிகளுக்காக நிலத்தில் ஒரு பகுதி போனதும், வந்த பணத்தில் சிமெண்ட் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக எதிரெதிரே இரண்டு வீடுகள் கட்டினார்கள். மிச்ச நிலத்தில் ராகியும் தக்காளியும் விளைந்தன. அண்ணனும் தம்பியும் இப்போது இல்லை. ஓரகத்திகள் இரண்டு பேரும்தான் ரோட்டின் இரு கரைகளிலும் இருக்கிறார்கள்.

சித்தி வீட்டு போர்வெல்லில் தண்ணீர் கூட வருகிறது என்று அம்மா ஒரு கோடை முழுக்க அவளோடு பேசவில்லை. எங்கள் தக்காளி ராயக்கோட்டை மண்டியில் நல்ல விலைக்குப் போன வருஷம் சித்திக்குத் தலைவலி வந்து, பூண்டு ரசம் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ரசத்தை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது அம்மா. "வயித்தெரிச்சலுக்கு ரசம் நல்லது" என்று சொல்லித்தான் கொடுத்தாளாம். சித்தியும் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாளாம்.

வீடு கட்டும்போது இந்தப் போட்டி கல்லில் வந்து நின்றது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிரானைட் என்பது பெரிய விஷயமில்லை. பாலிஷ் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய பலகைகள் சல்லிசாகக் கிடைக்கும். அடுப்பு மேடைக்கு, மாட்டுத் தொட்டிக்கு, துணி துவைக்க என்று எதற்கும் அதுதான். அம்மா வாசல்படிக்குப் போட்டாள். நல்ல கறுப்பு, முகம் தெரிகிற பாலிஷ். பட்டறைக்காரர் பஷீர் அஹமது அப்பாவின் சிநேகிதர். வெளிப்படிக்கு பாலிஷ் போடாத கல்லே போதும் என்று அவரும் சொன்னார், அப்பாவும் சொன்னார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நஞ்சி சிரிப்பா."

நஞ்சி சிரிக்கவில்லை. அடுத்த மாதமே தன் வீட்டுப் படிக்கு அதே கல்லைப் போட்டாள். குளியலறைத் தரைக்கும் சேர்த்துப் போட்டாள். அம்மாவுக்குக் குளியலறை தோன்றாமல் போனது இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

கல் வெயிலில் மங்க ஆரம்பித்ததும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கோயிலில் கருங்கல் சாமிக்கு எண்ணெய்க்காப்பு சாத்தினால் மின்னுகிறது. படியும் கருங்கல்தானே? பழைய வேட்டித் துணியில் தேங்காயெண்ணெயைத் தொட்டு, பண்டிகைக்கு முந்தின நாள் படி படியாகத் தேய்த்தாள். கல் அன்றைக்குத்தான் பட்டறையிலிருந்து வந்தது போல ஆகிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தி, மறு பண்டிகைக்கு ஒரு கை எண்ணெய் கூடுதலாகவே தேய்த்தாள். பிறகு இரண்டு வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. படிக்கு எண்ணெய் வைக்கிற ஊர் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

யுகாதி எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எல்லா வீட்டுக்கும் பொது. இந்த வருஷ யுகாதிக்கும் முந்தின நாள் எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. காலையில் சித்தி அதன் மேலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவி, கோலம் போட்டு, வேப்பம்பூவும் வெல்லமும் கலந்த தட்டோடு எங்கள் வீட்டுக்குக் கிளம்பினாள். மேல்படியில் வைத்த கால் கீழ்ப்படியில்தான் நின்றது. அம்மா தன் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தவள், தோரணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சித்தி வலியில் முனகிக்கொண்டே, "அக்கா, தட்டு உடைஞ்சிடுச்சா பாரு" என்றாளாம்.

ஓசூரில் ஆபரேஷன் நடந்தது. வாக்கரோடு வீட்டுக்கு வந்தாள். அதிலிருந்து ஆரம்பித்தது அம்மாவின் தொலைபேசிப் புராணம்.

நான் ஸ்டுட்கார்டில் இருக்கிறேன். வேலை கொண்டுவந்து போட்ட ஊர். அம்மா கூப்பிடும்போது இங்கே மத்தியானம், அங்கே சாயங்காலம்.

"இன்னிக்கு யார் யார் வந்தாங்க தெரியுமா அவளப் பாக்க? ஆனேக்கல்லருந்து அவ அண்ணன் வேன் வெச்சிக்கினு வந்தான். ஆப்பிளு, ஆரஞ்சு, ஆர்லிக்ஸு. பாட்டில எல்லாம் அலமாரில அடுக்கி வெச்சிருக்கா, கடையாட்டம்."

"பாவம்மா சித்தி. வலி எப்படி இருக்காம்?"

"வலியா? மகாராணியாட்டம் கட்டில்ல சாஞ்சிக்கினு சீரியல் பாக்கறா. மணிகண்டன் கம்பெனிக்கு லீவு போட்டுட்டு காலப் புடிச்சி உடறான். பெத்த புள்ள இல்ல."

மணிகண்டன் சித்தியின் மகன். அந்த 'இல்ல' எனக்கு விட்ட குத்து.

"உனக்கும் ஆர்லிக்ஸ் வேணும்னா சொல்லு, ஆர்டர் போடறேன்."

"நீ அனுப்பறது பார்சலு. அவளுக்கு வர்றது ஆளு."

அம்மா தொடர்ந்தாள். சாயங்காலம் எங்கள் வராண்டாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிற மாரம்மாவும் வெங்கடம்மாளும் இப்போது சித்தி வீட்டுக்குப் போகிறார்கள். துணைக்கு இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் சித்தியின் மருமகள் மேகலா போடுகிற பஜ்ஜிக்காகப் போகிறார்கள்.

அம்மாவும் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இங்கே என் டாக்டரிடம் வயதானவர்கள் விழாமல் இருப்பதற்கான ஒரு கையேடு இருந்தது. வாங்கி வந்து, தெரிந்தவர்களைக் கேட்டும் அகராதி பார்த்தும் தமிழாக்கி, வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகப் பேசி அனுப்பினேன். கால்மிதியை எடுத்துவிடு. படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் வெளிச்சம் வை. பிரஷர் மாத்திரை போட்டால் சட்டென்று எழுந்திருக்காதே, கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்து எழு. கண்ணை டாக்டரிடம் காட்டு. தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடு. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து காலுக்குப் பலம் கொடு.

"கால்மிதிய எடுன்னு சொல்ற. கால்மிதி ஏன் போட்டன்? தரை வழுக்குதுன்னு தான் போட்டன்."

"அது நகருதும்மா. அதுதான் தள்ளிவிடும்."

"என்னிய இதுவரைக்கும் தள்ளி உட்டது உங்கப்பன் ஒருத்தன் தான், அதுவும் கெணத்துல நீச்சல் கத்துக்க."

சித்தி வீட்டில் வைத்தது போலவே, அம்மாவின் குளியலறையிலும் பிடித்துக்கொள்ள மணிகண்டனிடம் சொல்லி ஸ்டீல் கம்பி வைத்தேன். கம்பி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, ஈரத்துணி காயப்போட வசதியாக இருக்கிறது என்றாள்.

பிறகு ஒருநாள் மேகலா கூப்பிட்டாள். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, மாமியாரையும் பார்த்து, ரோட்டைத் தாண்டி என் அம்மாவையும் பார்க்கிறவள் அவள். அம்மாவின் கால் நகம் வெட்டியதையும் தலைக்கு எண்ணெய் வைத்ததையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். நல்ல மனசோடுதான் அனுப்புவாள். நான் நன்றி என்று எழுதிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

"அண்ணி, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு பெரியத்தை சத்தியம் வாங்கிக்கினாங்க. அதனால நான் ஒண்ணும் சொல்லல. நேத்து படியில இன்னா ஆச்சின்னு நீங்களே கேளுங்க."

கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல. கால் கொஞ்சம் இழுத்துச்சு. தூணப் புடிச்சிக்கினேன்."

"எண்ணெய் தேச்சியா?"

போனில் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"அம்மா! சித்தி விழுந்ததக் கண்ணால பாத்தும் தேச்சியா?"

"அவளுக்குத் தேய்க்கத் தெரியலடி. ஊத்திட்டா. நான் துணியில தொட்டுத் தானே தேய்க்கறன்." பிறகு வேறு குரலில் கேட்டாள். "விழுந்திருந்தா நீயும் வந்திருப்ப, இல்ல?"

அன்றைக்கு நான் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. வேண்டுமென்றே விழுகிறவள் இல்லை என் அம்மா. ஆனால் அடுத்த முறை கால் இழுக்கும்போது, தூணைப் பிடிப்பதா வேண்டாமா என்று அவள் கை ஒரு கணம் யோசித்துவிட்டால்? எழுபதை நெருங்குகிற எலும்புக்கு அந்த ஒரு கணம் போதும். சித்தியைத் தூக்க மணிகண்டன் இருந்தான். அம்மாவைத் தூக்க யார்? அதற்கும் மேகலாதான் ஓடிவர வேண்டும்.

பஷீர் பாய்க்குப் போன் போட்டேன். பாலிஷ் போன கல்லை என்ன செய்யலாம், பாலிஷ் போகாத கல்லை என்ன செய்யலாம் என்று குழப்பமாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நெருப்புக் காட்டிட்டாப் போச்சும்மா. கேஸ் வெச்சி சூடு காட்டினா மேல்தோல் பொரிஞ்சி கொட்டிடும். அப்பறம் மழையில ஓடினாலும் வழுக்காது. ஆனா ஒண்ணு, அந்தப் பளபளப்பு திரும்பி வராது. அக்கா ஒத்துக்குவாங்களா?"

"நீங்க போங்க பாய். நான் பேசிக்கறேன்."

நான் பேசிக்கொள்வதற்குள் அவர் சிலிண்டரோடு போய் இறங்கிவிட்டார். மேகலா வீடியோவில் காட்டினாள். அம்மா மேல்படியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு பாய் சிலிண்டரு? எங்க ஊட்டுல கேஸ் இருக்குதே."

"பொண்ணு சொல்லுச்சுங்கக்கா. கல்லு கொஞ்சம் பொரிஞ்சி வந்துட்டா கால் நல்லா புடிக்கும்."

"உன் மூஞ்சிக்குக் காட்டு நெருப்ப."

"எம்மூஞ்சி ஏற்கெனவே பொரிஞ்சி தான் கீதுக்கா."

"எதிர்ல அவுளுது மின்னிக்கினு நிக்கும். என்னுது மட்டும் அம்மை வார்த்த மூஞ்சியாட்டம் நிக்கணுமா? அவ மட்டும் ஆர்லிக்ஸும் குடிப்பா, மினுமினுன்னும் இருப்பா? டீ குடிச்சிட்டுக் கெளம்பு பாய்."

பஷீர் பாய் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சரி, எதிர்வீட்டில் முதலில் செய்துவிட்டால் அம்மா வழிக்கு வருவாள் என்று மணிகண்டனைக் கூப்பிட்டேன். அவன் பெருமூச்சு விட்டான்.

"அதச் சொல்லாத இருப்பனாக்கா? 'உங்க பெரியம்மா ஊட்டுப் படி மின்னறப்ப என் படிய மட்டும் கொளுத்துவியா'ன்னு அம்மா சோறு தின்னாம இருந்துச்சு. இடுப்புல கம்பி வெச்சிருக்குது, வாய்க்கு ஒண்ணும் வெக்கலியே. இப்ப வெளிய போகணும்னா நாற்காலியில உக்கார வெச்சி நானும் பக்கத்து ஊட்டு ஆளும் தூக்கிக்கினு எறங்கறோம்."

ஒருத்தி விழுந்து எழுந்துவிட்டாள், ஒருத்தி விழப்போய்த் தப்பிவிட்டாள். இரண்டு பேரும் மற்றவள் படி முதலில் மங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

சித்திக்கு நடைப் பயிற்சி கொடுக்க மூக்கண்டப்பள்ளியிலிருந்து சுஜாதா என்ற பிசியோதெரபிஸ்ட் வந்துகொண்டிருந்தாள். சித்தி வாக்கரை வைத்து ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே மாரம்மாவும் வெங்கடம்மாளும், தேருக்குப் பின்னால் போவது போல. ஒரு சாயங்காலம் அந்த ஊர்வலம் ரோட்டைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்து நடந்ததை அம்மாவும் சொன்னாள், மேகலாவும் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னது அநேகமாக இது ஒன்றைத்தான்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளிக்காட்டாமல் மேலே நின்றபடி, "வா நஞ்சி. காப்பி அடுப்புல கீது. உன் ஆர்லிக்ஸ் அளவுக்கு இருக்காது, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றாள்.

சித்தி வாக்கரை நிறுத்திப் படியைப் பார்த்தாள். சித்திக்கு ஆனேக்கல் பக்கம் பிறந்தவீடு. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கன்னடத்தில் போய் ஒரு கால் வைக்கும்.

"நோடக்கா, உன் படியப் பாத்தாலே எனக்குக் கால் ஆடுது. இதுல நான் எப்பிடி வர்றது? இனிமே நீயே வந்துடு."

சொல்லிவிட்டு வாக்கரைத் திருப்பினாள். மாரம்மாவும் வெங்கடம்மாளும் கூடவே திரும்பினார்கள். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது.

"வேணும்னே நடிக்கறான்னு தான் மொதல்ல நெனச்சேன்" என்றாள் அம்மா என்னிடம். "அப்பறம் காலப் பாத்தன். பாதம் நெஜமாவே ஆடுச்சுடி. களத்து மேட்டுல ராகி மூட்டையத் தூக்கித் தலையில வெச்சிக்கினு ஓடின காலு அது. நான் எடுக்கற மூட்டையோட ஒண்ணு அதிகம் எடுக்கணும்னே ஓடுவா."

மறுநாள் காலையில் அம்மாவே பஷீர் பாயைக் கூப்பிட்டுவிட்டாள். என்னிடம் சொல்லக்கூட இல்லை. மேகலா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நான் மாசக்கணக்கா கத்தினேன், கேக்கல. சித்தி ஒரு வார்த்தை சொன்னதும் கேட்டுட்ட" என்றேன். எவ்வளவு அடக்கியும் குரலில் பொறாமை வந்துவிட்டது.

"நீ அங்க உக்காந்துக்கினு சொன்ன. அவ படிகிட்ட வந்து நின்னு சொன்னா."

"உனக்கு அந்த மினுமினுப்பு போயிடுமே?"

"போவட்டும். அவ வந்து பாத்து வயிறு எரியாத கல்லு மின்னி இன்னாத்துக்கு ஆவப் போவுது? மாரம்மாளுக்குக் கண்ணே தெரியாது."

நெருப்பு வைத்த அன்றைக்கும் மேகலாதான் வீடியோ போட்டாள். சோப்புத்தூள் போட்டு எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் கழுவிக் காயவைத்திருந்தார்கள். பஷீர் பாய் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீல நெருப்பைக் கல்லில் சாய்த்துப் பிடித்தார். சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சில்லுகள் தெறித்தன. நெருப்பு போன வழியில் கறுப்பு செத்து, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஒரு தரை எழுந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். யாருக்காவது பிரசவம் நடக்கும்போதுதான் அப்படி நிற்பாள்.

மேல்படிக்கு வந்ததும் பொறுக்கவில்லை.

"பாய், பாய், அந்த ஓரத்த உட்டுடு. தூணுக்குப் பின்னால. அங்க யாரும் கால் வெக்க மாட்டாங்க."

"உள்ளங்கை அகலம் தானேக்கா இருக்குது?"

"அது போதும்."

அந்தத் துண்டு மட்டும் இன்றைக்கும் கறுப்பாக மின்னுகிறது. படியோரம் கைப்பிடிக் கம்பியும் போடச் சொன்னாள். மணிகண்டன் வாங்கி வந்த கம்பியைத் திருப்பி அனுப்பினாள். நஞ்சம்மா வீட்டுக் குளியலறைக் கம்பியைவிடத் தடிமனானது வந்த பிறகுதான் சிமெண்ட் பூச விட்டாள்.

சித்தி படி ஏறிய சாயங்காலம் அம்மாவே எனக்கு வீடியோ போட்டாள். போனை வராண்டாவில் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பாதிப் படியும் நிறையக் கால்களும் தெரிந்தன.

"நல்ல கால் மொதல்ல மேல, அம்மா" என்றது சுஜாதாவின் குரல். "கம்பியப் புடிங்க. அவசரம் வேணாம். இப்ப அடிபட்ட கால்."

கம்பி இல்லாத பக்கம் சித்தியின் முழங்கையை அம்மா பிடித்திருந்தாள். "கெட்டியா மிதிடி. உன்னுதாட்டம் இல்ல, இது ஏமாத்தாது." மாரம்மா பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் சேந்து உருண்டு என் மேல உழாதீங்க" என்றாள். வெங்கடம்மாள் சிரித்தாள். சித்தி ஏறிவிட்டாள்.

மேலே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைக் கல்லில் அப்படியும் இப்படியும் இழுத்துப் பார்த்தாள்.

"சொரசொரன்னு நல்லாத்தான் கீதுக்கா. நாளைக்கே எங்களுதுக்கும் போடச் சொல்றன்."

"போட்டுக்க. ஆனா உன் கல்லு மட்டம். இவ்ளோ நல்லாப் பொரியாது."

"உன்னுத விடப் பொரியும். பாய்கிட்ட இன்னொரு சிலிண்டரு கேக்கறன்."

மேகலா டம்ளர்களோடு வந்தாள். யாரோ டிவியைப் போட்டார்கள். அம்மா யாருக்கோ பஜ்ஜி எடுத்துக் கொடுத்தாள். சித்தி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. அந்த வராண்டாவில் எனக்கு மட்டும்தான் டம்ளர் இல்லை என்று தோன்றியது. அடுத்த மாதம் போவதற்கு டிக்கெட் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியது.

"அம்மா! நான் இன்னும் லைன்ல தான் இருக்கேன்."

அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. மூக்குத்தியும் பாதிக் கண்ணும் தெரிந்தன.

"இருடி, நஞ்சி எறங்கணும். ஏறினதுல ஒண்ணுமில்ல, எறங்கறப்ப தான் பாத்துப் புடிக்கணுமாம், அந்தப் பொண்ணு சொல்லுது. வெச்சிடறன்."

வைத்துவிட்டாள்.